துரை இல்லாத ஜீப்

மலைப்பாதையில் ஜீப்பில் ஆட்களை ஏற்றிப்போய், மாலையில் தலை குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து விடுவதுதான் எங்கள் தொழில். அவர்கள் ரசித்தார்களா என்பது அதற்கு அடுத்த கவலை.

காலையில் பதுளையில் ஏற்றுவோம். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குள் நுழைந்து, சாதாரண வண்டி ஏறாத கல்பாதையில் நான்கு சக்கரமும் இழுக்க மேலே போவோம். உச்சியில் சோற்றுப் பார்சல். பிறகு இறக்கம். வண்டி ஓட்டுவது சந்திரன் அண்ணன். பேசுவது நான். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்பதால் எனக்குப் பேச வரும் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிற யாருக்கும், அது துணிக்கடையோ பல் வைத்தியமோ, விடிந்ததிலிருந்து என் மனதுக்குள் என்ன ஓடும் என்று விளக்கத் தேவையில்லை.

முதலில் எழுதுகிற சம்பவத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தியது. சந்திரன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னதைக் கொஞ்சம் குறைத்தே எழுதுகிறேன். குறைத்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

தேத்தண்ணி நேரம்

தோட்டத்தில் ஜீப் என்றால் அது துரையின் ஜீப். மேனேஜரை இன்றைக்கும் துரை என்றுதான் சொல்கிறோம். லாரி வரும், டிராக்டர் வரும், ஆட்டோ வரும். ஆனால் கல்பாதையில் உறுமிக்கொண்டு ஒரு ஜீப் ஏறுகிறது என்றால் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களின் கை தானாகவே வேகமாகும். காலையில் பத்து மணிவாக்கில் அவர்களுக்குத் தேத்தண்ணி நேரம். பாதையோரத்தில் உட்கார்ந்து போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்து, ரொட்டியைக் கடித்துக்கொள்வார்கள். விடியற்காலை ஆளெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்கு ஏறியதிலிருந்து அவர்கள் உட்காருவது அப்போதுதான். அது அவர்களுக்குரிய நேரம். ஆனாலும் துரை கண்ணில் படும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்று ஒரு பழக்கம், யார் போட்டதோ தெரியாது.

எங்கள் முதலாளி ஜீப் வாங்கிய புதிதில் சந்திரன் அண்ணன் ஆட்களோடு அவர்கள் உட்காரும் முடக்கில், அந்தப் பாதை வளைவில், திரும்பியிருக்கிறார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழும்பியிருக்கிறார்கள். புஷ்பம் அக்கா என்பவருக்குக் கால் சறுக்கி, தேத்தண்ணியும் கையுமாகப் பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்துவிட்டார். சந்திரன் அண்ணன் பதறிப்போய் வண்டியை நிறுத்தி ஓடியிருக்கிறார். கானுக்குள் கிடந்தபடியே புஷ்பம் அக்கா ஜீப்பை எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கேமராவுமாக நாலு பேர்.

"துரை இல்லியா? அப்ப நான் எதுக்கு விழுந்தேன்?"

இரண்டு குட்டை, ஒரு நீளம்

அதற்குப் பிறகு செய்துகொண்ட ஏற்பாடுதான் ஹார்ன். முடக்குக்கு முன்னால் இரண்டு குட்டை, ஒரு நீளம். அப்படி அடித்தால் எங்கள் ஜீப். யாரும் எழும்ப வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சந்திரன் அண்ணன் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். முதலாளிக்கு மட்டும் சொல்லக்கூடாது என்றார். தோட்டத்துப் பாதை துரையின் தயவில் கிடைத்தது. அவர் தோட்டத்து வாசல் சங்கிலியைப் பூட்டச் சொன்னால் எங்கள் சுற்றுலா அத்தோடு முடிந்தது. துரைக்குத் தெரியாமல் ஆட்களோடு ஹார்ன் பாஷை பேசுகிறோம் என்றால் முதலாளிக்குத் தூக்கம் போய்விடும்.

எனக்கும் போய்விட்டது. இது சரியா தவறா என்று நான் பல நாள் யோசித்தேன். முடக்கில் திரும்பும்போது அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்தபடியே, வாயில் ரொட்டியோடு கையை ஆட்டுவதைப் பார்த்த பிறகு யோசிப்பதை விட்டேன். என் அம்மாவும் கொழுந்து மலையில்தான் வேலை செய்தார். உட்கார்ந்து தேத்தண்ணி குடித்ததை அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பதி, சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண்களைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். நான் இறங்கிப்போய்க் கேட்டேன். புஷ்பம் அக்கா தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எடுக்கச் சொல்லுங்க தம்பி. குந்தியிருக்கிற மாதிரி எங்களை யாரு படம் எடுத்திருக்கா? எல்லாத்திலயும் கூடையோட நின்னுக்கிட்டுத்தானே இருக்கோம்."

பனியும் மன்னிப்பும்

உச்சியில் ஒரு பாறை இருக்கிறது. வெயில் நாளில் கிழக்கே சமவெளி முழுக்கத் தெரியும். கடல்கூடத் தெரியும் என்று சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை, அதனால் "சொல்கிறார்கள்" என்பதையும் சேர்த்தே சொல்வேன். நகைக்கடைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்த அன்று பாறையே தெரியவில்லை. பனி வந்து மூடிக்கொண்டது. பக்கத்தில் இருப்பவரின் சோற்றுப் பார்சல் மட்டும்தான் காட்சி.

நான் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கேட்டேன். காற்று ஒருமுறை அசைந்து, பனி விலகப்போகிறது என்று நம்பி எல்லோரும் எழுந்து, மறுபடி மூடிக்கொண்டபோது மூன்றாவது முறையும் கேட்டேன். நகைக்கடைக்காரர் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினார்.

"கொழும்புல இந்தக் குளிருக்கு ஏசி போட்டுக் கரண்ட் பில் கட்டுறேன் தம்பி. இங்க சும்மா கிடைக்குது. நீங்க மன்னிப்புக் கேக்கிறத நிப்பாட்டுங்க, சோறு இறங்க மாட்டேங்குது."

மலைக்குப் பேர்

ஜீப்பில் ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது, "அந்த மலைக்குப் பேர் என்ன?" எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்வேன். தெரியாதவற்றுக்குத் தெரியாது என்பேன். இந்தப் பக்கத்தில் மலைகள் அதிகம், ஆகவே ஒரு பயணத்தில் "தெரியாது" பலமுறை வரும். ஒரு பெரியவர் முதலாளியிடம் போய், பையன் நல்ல பையன், ஆனால் எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறான் என்று சொல்லிவிட்டார். முதலாளி என்னைத் தன் கடைக்குள் கூப்பிட்டு, தெரியாது என்று சொல்வதற்கு ஒரு பட்டதாரி எதற்கு, அதை நானே சொல்வேனே என்றார். நியாயமான கேள்விதான்.

அடுத்த பயணத்தில் ஒருவர் ஒரு மொட்டை மலையைக் காட்டிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சந்திரன் அண்ணன் "கரடி மலை" என்றார். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. திரும்பி வரும்போது அதே மலையை இன்னொருவர் மறுபக்கத்திலிருந்து காட்டிக் கேட்க, கொஞ்சமும் தயங்காமல் "குதிரை மலை" என்றார். ஆட்களை இறக்கிவிட்டு வண்டியைக் கழுவும்போது, அண்ணே, இது சரியில்லையே என்றேன்.

"நீங்க உண்மையைச் சொல்லுங்க தம்பி, நான் வேணாங்கல. உண்மை தீர்ந்துபோற எடத்துல நான் பேரு வைக்கிறேன்."

முன் சீட்டில் ஒருவர்

யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் ஓய்வாக இருக்கும் ஓர் அங்கிளும் ஆன்ட்டியும் வந்திருந்தார்கள். காலையில் ஏறும்போதே ஹார்ன் கதையைச் சொல்லியிருந்தேன். அங்கிளுக்கு அது மிகவும் பிடித்துப்போய், வழியெல்லாம் வாயாலேயே இரண்டு குட்டை ஒரு நீளம் அடித்துக்கொண்டு வந்தார்.

தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் ஏறியதும் பாதையில் ஒரு ஜீப் நின்றிருந்தது. பக்கத்தில் துரை நின்று கையைக் காட்டினார். கிளட்ச் போய்விட்டதாம், மேலே ஃபேக்டரி வரை வரட்டுமா என்று கேட்டார். மாட்டேன் என்று யார் சொல்வது? நான் முன் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். துரை சிங்களவர், தோட்டங்களிலேயே வேலை செய்து தமிழ் பழகியவர். அங்கிளிடம் தேயிலையைப் பற்றி நல்லவிதமாகப் பேசிக்கொண்டு வந்தார். நான் மணியைப் பார்த்தேன். பத்தைத் தாண்டியிருந்தது. அடுத்தது அந்த முடக்கு.

எங்கள் ஹார்னை அடித்தால் அவர்கள் காலை நீட்டியபடி துரையைப் பார்ப்பார்கள். அடிக்காவிட்டால் துரையின் ஜீப் என்று பயந்து எழும்பிக்கொள்வார்கள். தேத்தண்ணி கொட்டும், ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லை. சந்திரன் அண்ணனும் இதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் ஒட்டவைத்ததுபோல் வைத்திருந்தார். பக்கத்திலிருந்த அங்கிள் என் முழங்காலைத் தட்டினார். "தம்பி, உந்த முடக்கில தானே அடிக்கிறனீங்கள்? மறந்து போனியளே?"

"ஆமா ஆமா, முடக்கு தானே," என்றார் துரை. "ஹார்ன் அடிக்கணும் ட்ரைவர்."

சந்திரன் அண்ணன் அடித்தார். ஒரே ஒரு நீளம். திரும்பியபோது எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், குனிந்த தலையும் கொழுந்தில் கையுமாக. நான் மூச்சு விட்டேன். அப்போது பார்த்து டிரைவர் பக்கத்துத் திட்டில் நின்ற புஷ்பம் அக்கா நிமிர்ந்தார். அங்கிருந்து அவருக்கு சந்திரன் அண்ணன் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"என்னங்கண்ணே, ஹார்ன மாத்தி அடிச்சிப்புட்டீங்க! துரைன்னு நெனச்சி தேத்தண்ணியெல்லாம் கொட்டிப்புட்டோமே!"

துரை வண்டியை நிறுத்தச் சொன்னார். அது என்ன ஹார்ன் என்று கேட்டார். சந்திரன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசுவது நான் அல்லவா. சங்கிலி, முதலாளி, வேலை எல்லாம் ஞாபகம் வந்தன. அதைவிட, துரை இதைத் தப்பாக எடுத்துக்கொண்டால் இந்தத் தேத்தண்ணி நேரத்தின் மேலேயே ஒரு கண் விழும் என்று பயந்தேன். நான் உண்மையையே சொன்னேன். புஷ்பம் அக்கா கானுக்குள் விழுந்ததைச் சொன்னேன், இரண்டு குட்டை ஒரு நீளத்தைச் சொன்னேன். இந்த யோசனை எங்களுடையது, அவர்களுடையது அல்ல என்பதையும் சொன்னேன்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே இறங்கினார். "இது தேத்தண்ணி நேரம் தானே? நான் எழும்பச் சொல்லல்லையே? உக்காருங்க," என்றார். யாரும் அசையவில்லை. "உக்காருங்க, பரவால்ல," என்றார் மறுபடியும். அவர் நின்றுகொண்டிருந்தார். அவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் புஷ்பம் அக்காதான் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"நீங்க போங்க சார். நாங்க உக்காந்துக்கிறோம்."

முடக்குக்கு முன்னால்

அடுத்த பயணத்தில் வாயிலில் சங்கிலி பூட்டியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. காவலாளி வழக்கம்போலத் திறந்துவிட்டார். துரை ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லையாம். அது எனக்கு ஏச்சைவிடப் பெரிய பயமாக இருந்தது.

முடக்கில் எங்கள் ஹார்னைத் தெளிவாக, இடைவெளி விட்டு அடித்தார் சந்திரன் அண்ணன். திரும்பினால் அத்தனை பேரும் எழும்பி நின்றார்கள். ரொட்டிகளெல்லாம் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் மடிப்புக்குள் போயிருந்தன. எனக்கு மனது விழுந்துவிட்டது. நாங்கள்தானே அக்கா, ஹார்ன் கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டிச்சி தம்பி. உள்ளுக்கு யாரு இருக்கான்னு ஹார்ன் சொல்லுமா?" என்றார் புஷ்பம் அக்கா. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். "நீங்க எறங்கி முன்னுக்கு நடந்து வாங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா துரைன்னு யாரும் பயப்பட மாட்டாங்க."

அப்படியே செய்து வருகிறேன். முடக்குக்கு முன்னால் ஜீப் நிற்கும். நான் இறங்கித் தனியாக நடந்துபோய், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்வேன். அவர்கள் உட்கார்ந்தபடியே தலையாட்டுவார்கள். அதன் பிறகு ஜீப் வரும். முதல் தடவை நான் இறங்கியபோது கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் யானை நிற்கிறதா என்று கேட்டார். இல்லை ஆன்ட்டி, தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்றேன்.

"யானையா?"

சில வாரம் கழித்து சந்திரன் அண்ணன் ஒரு செய்தி கொண்டுவந்தார். கேட்டதை அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. அங்கே வேலையை மேற்பார்க்கும் மலைக் கங்காணியிடம் கேட்டேன், புஷ்பம் அக்காவிடமும் தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள்: அன்றைக்குப் பிறகு தேத்தண்ணி நேரத்தில் துரையின் ஜீப் அந்த மலைப்பக்கம் வந்ததே இல்லை.

உட்கார்ந்திருப்பவர்களை உட்காரவிட அந்தப் பக்கம் போகாமல் இருந்தாலே போதும் என்பதைத் துரை கண்டுபிடித்துவிட்டார். அங்கே போவதற்கென்றே சம்பளம் வாங்குகிற நான் இன்னும் இறங்கி நடந்துகொண்டிருக்கிறேன்.