கீதா கீதா?

டிவி வாங்கப் போகிறவர்கள் எனக்குத்தான் முதலில் ஃபோன் செய்வார்கள். செங்கல்பட்டில் எங்கள் தெருவிலிருந்து அணுபுரம் குவார்ட்டர்ஸ் வரை எனக்கு அப்படி ஒரு பேர். எத்தனை இஞ்ச் வாங்கலாம், சவுண்ட் பார் தேவையா, பையனுக்கு லேப்டாப் நல்லதா, மேசைக் கம்ப்யூட்டர் நல்லதா என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் காது சூடாகும் வரை பேசுவேன். இப்போதெல்லாம், "இருக்கிறதே ஓடுதில்ல, அப்புறம் எதுக்கு?" என்று கேட்கிறேன். கேட்டவர் வேறு யாரையோ விசாரித்து வாங்கிவிட்டு, அது மக்கர் செய்த பிறகு திரும்ப என்னையே கூப்பிடுகிறார்.

அபிப்பிராயங்களை இலவசமாகக் கொடுத்தே பழகியவன், அதனால் சிலவற்றை இங்கேயும் கொட்டிவிடுகிறேன். ஸ்மார்ட் டிவி வாங்கிய அன்றைக்குத்தான் ஸ்மார்ட். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கொஞ்சம் மந்தமாகி, கடைசியில் ரிமோட்டை அமுக்கிவிட்டுப் போய் காபி போட்டுக்கொண்டு வரலாம். கடைக்காரர் காட்டும் கிளியும் அருவியும் உங்கள் வீட்டில் ஓடப்போவதில்லை, ஓடப்போவது சீரியல். அழுகிற மாமியாரின் மூக்குத்தியை அவ்வளவு துல்லியமாகப் பார்த்து என்ன ஆகப்போகிறது? சவுண்ட் பாரின் முழுச் சத்தத்தை எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை, பாதியிலேயே மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிடுவார். மேசைக் கம்ப்யூட்டரை மட்டும் இன்னும் நம்புகிறேன். மூடியைக் கழற்றித் தூசி தட்டலாம், கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றலாம். மற்றதெல்லாம் பசை போட்டு ஒட்டிய டப்பா.

கடற்கரைப் பக்கம் இந்த அபிப்பிராயங்களும் செல்லாது. சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வீட்டு டிவியை அணைப்பதே இல்லை. ஆள் இல்லாத வீட்டிலும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். கேட்டால், "அணைச்சா ஜில்லுனு ஆயி உப்பு ஏறிக்கும் மாமா, சூடாவே வுட்டுடணும்" என்பான். பழுது பார்ப்பவர்களிடம் விசாரித்தேன். அவன் சொல்வது சரிதான், உப்புக்காற்று முதலில் தின்பது உள்ளே குளிர்ந்துகிடக்கும் சர்க்யூட் போர்டைத்தான்.

மனைவியும் அந்த ஊரில் பிறந்தவள்தான். அவள் அப்பா படகு வைத்திருந்தார். கரையில் மீன் ஏலம் போகும் சத்தத்தில் வளர்ந்ததால் அவளுக்கு மெதுவாகப் பேச வராது. நான் படாளம் பக்கத்து விவசாயக் குடும்பம். இரண்டு வீட்டிலும் பேச்சு ஒன்றுதான், 'என்ன'வுக்கு அதே 'இன்னா', 'இருக்கிறது'க்கு அதே 'கீது'. மறைமலைநகரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் அந்தப் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டேன். நாலு பேர் சிரித்தார்கள், அவ்வளவுதான் காரணம். அவள் யார் சிரித்தாலும் விடுகிற ஆள் இல்லை.

போன வருடம் சர்க்கரை அவள் கண்ணில் இறங்கியது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிச்சம் இருந்தால் எதிரில் நிற்பவர் நிழல்போலத் தெரிவார், முகம் தெரியாது. மகள் வேலை பார்ப்பது பெங்களூரில். வீட்டில் நாங்கள் இரண்டே பேர், அதிலும் பகல் முழுக்க அவள் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, நீ காலைல போனா பொழுது சாஞ்சிதான் வர்ற. அக்கா ஒண்டியா கீது. அடுப்புல புடவ புட்சிகினா இன்னா பண்ணுவ? நான் இட்டுகினு போறேன்."

அவள் என்னைப் பேச விடவில்லை. "நான் எங்கியும் வர்ல. தம்பி பொண்டாட்டி கையால சோறு வாங்கித் துன்னுகினு மூலைல குந்தமாட்டேன். இது என் வூடு. எந்த டப்பால இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும்."

"பொங்கல் வரைக்கும் பொறுடா" என்றேன் அவனிடம். "வீட்டையே இவ சொல்றத கேக்க வெச்சிடறேன்."

இத்தனை வருடம் வாங்கிக் குவித்ததில் ஒன்றாவது உபயோகப்படாதா என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு உற்சாகமாகவே இருந்தது.

பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்றை ஹால் அலமாரியில் வைத்தேன். லைட், ஃபேன், டிவி எல்லாவற்றையும் அதோடு இணைத்தேன். இந்த மாதிரி பல்புக்கு ஒரு தொல்லை உண்டு. சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்க வேண்டும். பழக்க தோஷத்தில் யாராவது அணைத்துவிட்டால் அப்புறம் தொண்டை கிழியக் கத்தினாலும் எரியாது. அதனால் எல்லா சுவிட்சையும் ஆனில் வைத்து, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இறுக்கி ஒட்டினேன்.

நான் சொன்னதையெல்லாம் ஸ்பீக்கர் செய்தது. அடுத்து அவள் முறை. "லைட்ட போடு" என்றாள், எரிந்தது. "ஃபேன நிறுத்து" என்றாள், நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவள் இயல்பாக, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "வெளில மழ கீதா?"

ஸ்பீக்கர் ஒரு நிமிடம் யோசித்தது. "கீதா என்ற பெயரில் உங்கள் தொடர்புகளில் யாரும் இல்லை" என்றது.

"எவ அவ கீதா?" என்றாள் இவள்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கு விளங்கியபோது அவளும் சிரித்தாள். அதோடு விடுவாளா? "இன்னிக்கு கரண்டு கீதா?" என்றாள், கீதா இல்லை என்றது. "பாலு கீதா?" என்றாள், பால் கீதா என்றும் யாரும் இல்லை என்றது. ஸ்பீக்கருக்கே கீதா என்று பெயர் விழுந்துவிட்டது. நெட் மெதுவாக இருக்கும் நாளில், "இன்னாய்யா, உன் கீதா கீதா, பூட்டாளா?" என்று சமையலறையிலிருந்து கேட்பாள். கொஞ்ச நாள் வீட்டில் நாங்கள் நன்றாகச் சிரித்தோம்.

ஆனால் சிரிப்பு வேறு, வேலை வேறு. 'மணி இன்னா ஆவுது' என்பது அதற்குச் சில நாள் புரியும், சில நாள் புரியாது. 'அத்த நிறுத்து' என்றால் எத்தை என்றே தெரியாது. அவளுடைய வாக்கியங்களை அதற்குள் பதிந்து வைக்கப் பார்த்தேன். ஒன்றைப் பதிந்தால் அவள் மறுநாள் அதையே வேறு மாதிரி சொல்வாள். மனிதர்கள் அப்படித்தானே பேசுவார்கள்? அலுவலகத்திலிருந்து வந்து, இருக்கிற தெம்பில் இதைச் செய்து செய்து அலுத்துப்போய், ஒரு நாள் சொன்னேன்: "நீ கொஞ்சம் நியூஸ் வாசிக்கற மாதிரி பேசிப் பாரேன்."

அவளும் பழகிக்கொண்டாள். பகலில் தனியாக இருந்து பழகியிருக்க வேண்டும். ஒரு மாலை நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே யாரோ, "இப்போது நேரம் என்ன?" என்று கேட்டார்கள். விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டையைச் சரிசெய்துகொண்டு போனேன். அவள்தான் பேசியிருக்கிறாள். முதுகை நிமிர்த்தி, அலமாரியைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக. "வெளியே மழை பெய்கிறதா?" என்று அடுத்ததாகக் கேட்டாள். ஸ்பீக்கர் மரியாதையாகப் பதில் சொன்னது.

மச்சினனுக்கு ஃபோன் செய்து பெருமையடித்துக்கொண்டேன். "இப்ப எல்லாம் இவ சொல்படிதான்டா."

"அப்டியா? நல்லது மாமா" என்றான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம் தெரியவில்லை.

நானும் இதற்குப் பிறகு நிம்மதியாகிவிட்டேன். நான் சாயங்காலம் வருவது எப்படியென்றால், பிழிந்து போட்ட துணி மாதிரி வருவேன். சாப்பிட்டுவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யாரோ எங்கோ புது ஃபோனைப் பிரித்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாங்கப்போவதில்லை. வாங்கக்கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவன். ஆனாலும் பார்ப்பேன். அவள் பக்கத்து சோஃபாவில் இருப்பாள். சற்றைக்கொரு தரம் அவள் உதடு அசைவதும், அலமாரியில் நீல விளக்கு மினுங்குவதும் கண்ணில் படும். மணி கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். எதற்கு இத்தனை தடவை மணி கேட்கிறாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

கார்த்திகை மழை முடிந்த சமயம், சாலை அகலப்படுத்தத் தோண்டியவர்கள் எங்கள் பக்கத்து இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். நெட் இல்லாவிட்டால் ஸ்பீக்கர் எதையும் செய்யாது. காலையிலேயே அறுந்திருக்கிறது, அலுவலகத்தில் இருந்த எனக்குத் தெரியாது. பொழுது சாயும் நேரத்துக்கு வந்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே அந்த நியூஸ் குரல்: "விளக்கை எரியவிடு." கொஞ்சம் பொறுத்து, மறுபடியும், "விளக்கை எரியவிடு."

"நான்தான்" என்றேன்.

சத்தம் நின்றது. ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தேன். சுவிட்ச் போர்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். டேப்பின் ஒரு முனை பிய்ந்து தொங்கியது, அவளுடைய கட்டைவிரல் நகம் உடைந்திருந்தது. அந்த போர்டை அவள் கை இருபது வருடமாக அறியும். கண் போன பிறகும் தடவிப் போய் லைட் போடத் தெரிந்தவள்தான். நான்தான் டேப் ஒட்டிவிட்டேன். இத்தனைக்கும் டேப்பைப் பிய்த்திருந்தால்கூடப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, சுவிட்ச் ஏற்கெனவே ஆனில்தானே இருந்தது. ஒரு தடவை அணைத்துப் போட்டால் எரிந்துவிடும் என்பதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது போய் அப்படிச் செய்தேன், பளிச்சென்று எரிந்தது.

"சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேன்ல?" என்றாள்.

"ஸாரி. மறந்துட்டேன்" என்றேன்.

"நீ எத்த சொல்ற, இத்த சொல்றதுக்கு?" கோபமாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் குரல் இறங்கிவிட்டது. "யோவ், அந்த டப்பாவுக்கு நான் பேசறது புரியல. ஆனாலும் கேட்டா ஒரு பதிலு சொல்லுது. நீ வர்ற, துன்ற, காதுல அத்த மாட்டிகினு குந்திக்கிற. நீ வூட்ல கீறியா இல்லியான்னே எனக்குத் தெரியமாட்டேங்குது. கண்ணு தெரியாதவளுக்கு, பேசாத ஆளு இல்லாத ஆளுதான்."

பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டேன். நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். பிறகு கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"தம்பி ஃபோன் பண்ணான்" என்றாள். "நாளைக்கு வர சொல்லிட்டேன்."

மறுநாள் நான் அலுவலகத்துக்கு லீவு போட்டேன். எல்லா டேப்பையும் பிய்த்தேன். பசை சுவிட்சில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தது. மண்ணெண்ணெய் இல்லாததால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அவள் அறையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் புடவை எந்தத் தட்டில் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. போகாதே என்று சொல்லலாம் என்று இரண்டு தடவை கதவு வரை போனேன். சொன்னால் இருந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். இருந்து என்ன செய்வாள், பகல் முழுக்க யாரிடம் பேசுவாள் என்று நினைத்துத் திரும்பி வந்தேன்.

மச்சினன் ஆட்டோவோடு வந்தான். பையைத் தூக்கி வைத்தான். என் முகத்தைப் பார்த்து, "பேஜாரு ஆவாத மாமா, கொஞ்ச நாளு அங்க சனத்தோட இருக்கட்டும்" என்றான். அவள் ஏறி உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. தலையை வெளியே நீட்டி, நான் நிற்பதாக அவள் நினைத்த பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"சனிக்கிழம வருவியா?"

தலையாட்டினேன். பலமாகவே ஆட்டினேன்.

அவள் முகம் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, போலாம்டா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஆட்டோ நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "வரேன்! சனிக்கிழம வரேன்!" என்று பின்னாலேயே ஓடிக் கத்தினேன். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.