மண் குடித்துவிடும் என்று நினைத்தவர்

"இங்க வேணாம் மேடம், நட்டா செத்துப்பூடும்" என்று மேஸ்திரி காலால் ஒரு கோடு கிழித்ததுதான் அவரைப் பற்றிய என் முதல் நினைவு. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மணலியில், டேங்கர் லாரிகளைக் கழுவும் ஒரு ஷெட்டின் பின்புறம், எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்த நிலத்தில் வெட்டிவேர் நட்டுச் சோதித்துப் பார்க்கக் கல்லூரி என்னை அனுப்பியிருந்தது. பக்கத்துத் தெருவின் அடிபம்பில் மண்ணெண்ணெய் வாடையோடு தண்ணீர் வருவதாகப் புகார் கிளம்பிய பிறகுதான் ஷெட் முதலாளி அந்த இடத்தை எங்களுக்கு விட்டார். தண்ணீர் ஊற்ற, லாரி கழுவும் ஆட்களின் மேஸ்திரியை ஒதுக்கினார். அவர் வீடும் அதே தெருவில்தான்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வரைபடத்தில் போட்டிருந்தபடியே வரிசை பிடித்து நட்டேன். ஒரே மாதத்தில், அவர் கோடு கிழித்த இடத்து நாற்றுகள் மட்டும் மஞ்சளாகிக் கருகின. அவர் குத்திக்காட்டவில்லை. "புல்லு நட்டா ஆயில் பூடுமா? இன்னா கதை இது?" என்று மட்டும் கேட்டார். வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், அவற்றுக்குச் சோறு போடுவது வேர் என்றேன். மறுநாள் எங்கிருந்தோ இரண்டு மூட்டை சாணி எரு கொண்டுவந்து இறக்கினார். நிலம் முழுக்க என்னை நடத்திக் கூட்டிப்போய், எங்கே டேங்கருக்குள் படிந்த கசடு விழுந்தது, எங்கே வெறும் கழுவின தண்ணீர் என்று சாண் சாணாகக் காட்டினார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பம்புத் தண்ணீருக்கு நியாயம் கேட்டு ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தைக்குக் கையெல்லாம் சொறி. முதலாளி உள்ளேயே இருந்துகொண்டார். மேஸ்திரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"மொதலாளி சொன்னாரு, நான் ஊத்துனேன். பதினஞ்சு வருசமா கசடெல்லாம் இங்கதான் ஊத்திகினு இருந்தேன்."

"நாங்க அந்தத் தண்ணியத்தான் குடிச்சிகினு கீறோம்னு தெரியாதா நைனா உனக்கு?" என்றாள் குழந்தைக்காரி.

"நானுந்தானம்மா குடிச்சேன். மண்ணு குடிச்சிரும்னு நெனச்சேன்."

அதன் பிறகு தெரு அவரோடு பேசவில்லை. குடிக்க லாரித் தண்ணீர் வரத் தொடங்கியதும் அடிபம்பை யாரும் தொடவில்லை. அவர் மட்டும் அந்த வாடைத் தண்ணீரை அடித்து அடித்துப் புல்லுக்குச் சுமந்தார். நடுவில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாதம் படுத்துவிட்டேன். எல்லாம் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினால், புல் இடுப்பளவு நின்றது.

இரண்டாம் ஆண்டு சோதித்தபோது மேல்மண்ணில் எண்ணெய் நன்றாகவே குறைந்திருந்தது. கசடு ஊற்றிய இடத்தில் எதுவும் மாறவில்லை. மேஸ்திரியிடம் சொன்னேன். "அப்போ பம்பு தண்ணி?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். "அது இந்தப் புல்லால சரியாகாது மேஸ்திரி. அவ்வளவு ஆழத்துக்கு வேர் போகாது" என்றேன். தலையாட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பம்புக்குப் போனார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, புல்லடியைக் கிளறிக்கொண்டிருந்தவர் தெருவைப் பார்த்துக் கத்தினார்: "எம்மா, வந்து பாருங்க, புழு கீது!" அந்த எண்ணெய் மண்ணில் முதல் தடவையாக, ஒரே ஒரு மண்புழு. முதலில் வந்தது குழந்தைக்காரிதான். குனிந்து பார்த்தாள், திரும்பிப் போனாள். பிறகு ஒரு சொம்பு லாரித் தண்ணீரோடு வந்தாள்.

"இந்தா நைனா, குடி."

இன்று அங்கே முழுக்க சிமெண்டுத் தரை. கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேஸ்திரியும் இல்லை. பஸ்ஸில் அந்த வழியே போகும்போது, எங்கள் சோதனை வென்றதா தோற்றதா என்று என்னால் இன்னும் சொல்ல முடிவதில்லை. சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உடனே குடிக்க முடியாமல் அவர் நின்றதுதான் கண்ணில் நிற்கிறது.