எட்டாம் வகுப்பு, ரோல் நம்பர் பத்தொன்பது

மாதுங்கா மார்க்கெட்டில் ஒரு மாதமாக ஒரே பேச்சு. அறுபத்திரண்டு வயது பத்ரி எட்டாம் வகுப்பில் பெயிலாகிவிட்டாராம்; பெயிலாக்கியது சொந்த மனைவியாம். பூக்கடையில் விசாரித்தால் ஒரு தடவை என்றார்கள். நாலு கடை தள்ளி, அப்பளக் கடையில், அது மூன்று தடவை ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தால் விவாகரத்தில் போய் நிற்கும். வெயில் வேறு. பேசாமல் பத்ரி வீட்டு மாடியேறியே கேட்டாயிற்று.

எட்டாம் வகுப்பு உண்மை. மனைவி உண்மை. பெயிலானது மட்டும் பத்ரி இல்லை.

மனைவி பத்மஜா செம்பூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில், கணக்கு வாத்தியாராகவும் கம்ப்யூட்டர் வாத்தியாராகவும் ஆகப்போகிறவர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுப்பவர். அங்கே ஒரு வழக்கம். ஒருவர் ஆசிரியராக நின்று பாடம் நடத்த, கூடப் படிக்கிறவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக பெஞ்சில் உட்கார வேண்டும். எல்லாம் எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகள். நாலாவது நிமிஷம் வந்தனா என்கிற மாணவி ஒரு தப்பான விடை சொல்வாள். ஆறாவது நிமிஷம் பின்பெஞ்சு சந்தேகம் கேட்கும். பத்தாவது நிமிஷம் வகுப்புக்கே புரிந்துவிடும். யார் எந்தத் தப்பைச் செய்வது என்று முதல்நாளே கேன்டீனில் பங்கு பிரித்துக்கொள்வார்கள். ஆகவே எல்லோரும் பாஸ்.

பத்மஜாவுக்கு இது பொறுக்கவில்லை. நிஜமாகவே ஒன்றும் தெரியாத ஆள் ஒருவர் வேண்டும் என்று முடிவு செய்தார். அதிகம் தேடவில்லை. எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பத்ரி இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவர். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது மரியாதையாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டவர். ரோல் நம்பர் பத்தொன்பது என்று பெயர் பதிந்து முன்பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

வினை அவருடைய நல்ல மனசில் இருந்தது. வரிசையாக அடுக்கிய எண்களில் வேண்டிய எண்ணைப் பாதி பாதியாகக் கழித்துத் தேடுவது எப்படி என்பது பாடம். முதலில் வந்த மூன்று பேர் திரையில் அம்புக்குறிகளைப் பறக்கவிட்டு, புரிந்ததா என்று கேட்டார்கள். பாவம், சின்னப் பசங்கள் என்று பத்ரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை முப்பது வருஷமாக வீட்டில் பார்த்துவரும் பத்மஜா பேனாவை எடுத்தார். மூன்று பேரும் பெயில்.

அன்றிலிருந்து பத்ரிக்கு ஏக மவுசு. கேன்டீனில் அவர் கேட்காமலே வடை வந்தது. கொஞ்சம் புரிந்துகொள்ளுங்களேன் அங்கிள் என்று வந்தனா இந்தியில் கெஞ்சினாள்.

நாலாவது ஆள் இசக்கிராஜ், தாராவிக்காரன். வீட்டருகே ஒரு பள்ளியில் ஜூன் பதினைந்து முதல் கணக்கு வாத்தியார் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பாடத்தில் பாஸ் ஆக வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறொருவனுக்கு. வியாழக்கிழமை மாதுங்கா ஸ்டேஷன் பாலத்தில் பத்ரியைப் பிடித்துக்கொண்டான்.

“தலைய நல்லா ஆட்டுங்க சார், அது போதும்.”

“ஆட்டறதுல என்னப்பா கஷ்டம். அவளுக்குத் தெரிஞ்சுடும்.”

மறுநாள் இசக்கிராஜும் அம்புக்குறியோடுதான் ஆரம்பித்தான். மூன்றாவது நிமிஷமே பத்ரியின் தலை ஆடியது. பின்னாலிருந்து பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது. இசக்கிராஜ் புரொஜெக்டரை அணைத்துவிட்டு பெஞ்சருகே வந்தான்.

“சார், ஆபீசுல என்ன வேலை பாத்திய?”

“ரெக்கார்டு ரூம்.”

“ஒரு பாலிசி நம்பரைச் சொல்லி ஃபைல் கேட்டா, மொத ஃபைல்லேருந்து ஒண்ணொண்ணா தேடுவியளா?”

பத்ரிக்கு ரோஷம் வந்துவிட்டது. “நேக்கென்ன பைத்தியமா? நேரா நடு ரேக்குக்குப் போவேன். அதைவிடச் சின்ன நம்பர்னா வலது பக்கம் பூரா மறந்துடலாம். மிச்சத்துல மறுபடி நடுவுல பாக்கணும். பத்தாயிரம் ஃபைல்ல பதினாலு தடவை கை வெச்சாப் போறும்.”

“அதான் சார் பாடம்.”

பத்ரி திரும்பி மனைவியைப் பார்த்தார். “இதுக்கா மூணு பேர் படம் போட்டா?”

பத்மஜா பாஸ் என்று போட்டுவிட்டு, இசக்கிராஜைக் கூப்பிட்டார்.

“பாடம் நன்னா இருந்தது. ஆனா என்கிட்ட இருந்த, ஒண்ணும் தெரியாத ஒரே ஆளைக் கெடுத்துட்டே. இனிமே இவர் எதைச் சொன்னாலும் தெரியும்பார். பதிலுக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து விடணும், சொல்லிட்டேன்.”

அவர் சொன்னபடியே ஆயிற்று. அடுத்த வகுப்பில் பத்ரி, இதெல்லாம் ரெக்கார்டு ரூமில் பார்த்ததுதான் என்று வந்தனாவுக்கே பாடம் எடுத்ததால் அவரை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இசக்கிராஜ் வேலையில் சேர்ந்துவிட்டான். வாக்குத் தவறாமல் ஒரு ஞாயிறன்று மாமா வேலுச்சாமியை மாதுங்காவுக்கு அழைத்து வந்தான். மாமாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று அவன் மெல்லச் சொல்ல, ஏல, எனக்கா ஒண்ணும் தெரியாது என்று மாமா படியிலேயே சண்டை பிடித்து, காபிகூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். இப்போது தன் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாளைக் கேட்டிருக்கிறான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். பத்மஜா வாராவாரம் போன் செய்கிறார். அடுத்த வாரம் மேடம் என்கிறான் இசக்கிராஜ்.