ராத்தாவின் திங்கட்கிழமைகளும் நான் தூக்கிக் கொடுத்த கொப்பியும்

உயிரைத் தந்தவனும் எடுத்தவனுமான இறைவனைப் புகழ்ந்து தொடங்குகிறேன்.

இந்த நினைவு மலரின் மற்றப் பக்கங்களில் ராத்தாவைப் பொறுமையின் சிகரம் என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். உறவுகளே, நண்பர்களே, அதை நம்பாதீர்கள். ராத்தா பொறுமைசாலி அல்லர். அவருடைய வாயை நாம் அடைத்தோம். அடைத்த பிறகு அந்த மௌனத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டோம். நான் அவருடைய ஒரே தம்பி. அடைத்த கைகளில் என்னுடையதும் ஒன்று.

ராத்தா மருதமுனையில் ஒரு நெசவாளியின் மூத்த மகளாகப் பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே உம்மா மௌத்தானதால், என்னை வளர்த்தவரும் அவரே. பதினெட்டு வயதில் அவருக்கு நிக்காஹ் நடந்தது. முன் ஹோலில் வாப்பா கையொப்பமிட்டார், மாப்பிள்ளை கையொப்பமிட்டார், சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். மணப்பெண் உள்ளறையில் இருந்தார். காரியம் முடிந்த செய்தி அவருக்குப் பிரியாணி வாசத்தோடுதான் போய்ச் சேர்ந்தது. மச்சான் தங்கமான மனிதர். ஆனாலும் ராத்தா ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல தம்பி. கேட்டிருந்தா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். அதுக்காகக் கேக்காம விடுறதா?"

சுனாமி மச்சானைக் கொண்டுபோனது. பிள்ளைகள் இல்லை. தனித்துப்போன ராத்தா தையல் மெஷினோடு திருமறையின் பொருளையும் கையில் எடுத்தார். சில வருடங்களில் திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய ஹோலில் பெண்கள் கூடத் தொடங்கினார்கள். வாரம் ஒரு பகுதி, வரிசையாக. திருமறையின் ஓர் ஆயத்தையும், ஒரு வசனத்தையும் தாண்டிப் போகக் கூடாது. அந்த வாரம் எது வருகிறதோ, அதை அந்த வாரம் நம் தெருவில் நடந்த ஒன்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். இதுதான் அவருடைய சட்டம்.

செய்தி வந்தால் விசாரியுங்கள் என்ற கட்டளை வந்த வாரம், வினாயகபுரத்திலிருந்து மீன் கொண்டுவரும் தமிழ்ப் பெண்மணி மீனில் மருந்து போடுகிறார் என்று ஒரு வட்ஸ்அப் செய்தி எல்லோருடைய போனிலும் இருந்தது. அனுப்பியவர்களில் பாதிப்பேர் அந்த ஹோலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ராத்தா அவர்களை அப்படியே எழுப்பிக்கொண்டு போய், அந்தப் பெண்மணியின் முன்னால் நிறுத்தி, நாங்கள் பொய் பரப்பினோம் என்று சொல்ல வைத்தார்.

மூஸா நபியின் சமூகத்தைப் பற்றிய பகுதிகள் வந்தால் நம்மவர்களுக்குக் கொண்டாட்டம், அவர்களைத் திட்டலாம் என்று. ராத்தா விடமாட்டார். சனிக்கிழமை மீன் பிடிக்கத் தடை என்றதும், முதல் நாளே வலையைக் கட்டிவைத்து மறுநாள் அள்ளியவர்களின் கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டாராம், சீதனம் வேண்டாம் என்று மேடையில் பேசிவிட்டுப் பெண் வீட்டாரின் வீட்டை அன்பளிப்பு என்று எழுதி வாங்குகிறவன் கட்டிவைப்பது எந்த வலை என்று. கல்முனைக் கடற்கரையில் வலை தெரியாதவர் யார்? அந்த வாரம் பல வீடுகளில் சோறு ஆறிப்போனது.

பிறகு அந்த வாரம் வந்தது. தூர் மலையடியில் இறைவன் இஸ்ரவேலரிடம் வாங்கிய உறுதியான உடன்படிக்கைக்குத் திருமறையில் எந்தச் சொல்லோ, அதே சொல்தான் நிக்காஹ்வுக்கும் என்று ராத்தா காட்டினார். அவ்வளவு பெரிய உடன்படிக்கையில் பெண்ணின் கையொப்பம் எங்கே என்று கேட்டார். நம் பதிவுப் புத்தகத்தில் அதற்கு இடமே கிடையாது. அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கொப்பி ஒன்றைத் திறந்தார். கல்யாணம் பேசப்படும் பிள்ளைகள், இந்த மாப்பிள்ளையில் எனக்குச் சம்மதம் அல்லது சம்மதமில்லை என்று தம் கையால் எழுதிக் கையொப்பமிடுவார்கள். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? எங்கள் பகுதிப் பள்ளிவாசலின் தலைவருக்கு அது கல்யாணத்தையே கவிழ்க்கும் காரியமாகத் தெரிந்தது. ராத்தாவைக் கூப்பிட்டுப் பேச அவருக்குத் தைரியம் இல்லை. என்னைக் கூப்பிட்டார். பொம்பிளைகளுக்கு ஒரு பதிவுப் புத்தகமா, இது புது மார்க்கமா, உங்கட ராத்தாவை அடக்குங்க என்றார். கொப்பி தன் மேசைக்கு வர வேண்டும் என்றார். அப்போது என் மகளுக்கு அவருடைய உறவில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தேன். நல்ல இடம், கைநழுவிவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். ஊரோடு ஒத்துப்போவோம் என்று ராத்தாவிடம் போய் நின்றேன். அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை.

"குடுக்கிறதெண்டா குடு. ஆனா என்னத்தக் குடுக்கிற எண்டு நீ ஒருக்கா வாசிச்சிட்டுக் குடு. அதில இரிக்கிறத எண்ட வாயால சொல்ல மாட்டன் எண்டு வாக்குக் குடுத்திரிக்கன்."

நான் வாசிக்கவில்லை. வழியில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை தலைவரின் சொல் கேட்டுக் கணவன்மார் தம் மனைவியரை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ராத்தா பாய் விரித்து மஃரிப் தொழுகை வரை காத்திருந்தாராம். அதோடு திங்கட்கிழமைகள் நின்றுபோயின.

என் மகளின் கல்யாணம் விமரிசையாக நடந்தது. எட்டு மாதத்தில் முகத்தில் காயத்தோடு வந்து நின்றாள். தலைவர் அதையும் பொறுமையாகப் போகச் சொன்னார்.

ராத்தா இரண்டு வருடங்கள் சிறுநீரக நோயோடு போராடிக் கடந்த ஆண்டு மௌத்தானார். ஜனாஸா நல்லடக்கத்தில் அதே தலைவர் ராத்தாவை மார்க்கத்தின் விளக்கு என்று புகழ்ந்து பேசினார். ஊதி அணைத்தவர் அவரே. அன்று வீடு திரும்பியபோதுதான் மகள் என்னிடம் சொன்னாள், அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது அவளுடைய எழுத்து என்று. சம்மதமில்லை என்று எழுதியிருந்தாளாம்.

"உங்கட முகத்தப் பாத்துச் சொல்லப் பயமா இருந்திச்சி வாப்பா. கொப்பியில எழுதினா எப்பிடியும் வாசிப்பீங்க எண்டு நினைச்சன்."

கொப்பியைத் திருப்பிக் கேட்டேன். எப்போதோ எரித்தாயிற்று என்றார் தலைவர், குப்பையைப் பற்றிச் சொல்வது போல. வாசித்துவிட்டுத்தான் எரித்தாரா என்று கேட்டேன். இம்மலருக்கு அவர் அனுப்பிய அனுதாபச் செய்தியை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் மீது எனக்குக் கோபம் ஆறவில்லை. என்மீது உள்ள கோபம் அதைவிடப் பெரிது. அவருக்கு அந்தப் பிள்ளை யாரோ. எனக்கு மகள்.

நோய்க்காலத்தில் ராத்தாவை வாரம் இரண்டு தடவை கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய ஓட்டோக்காரத் தம்பிக்கும், கடைசி வரை மீன் ஆணம் காய்ச்சிக் கொண்டுவந்த வினாயகபுரத்துச் சகோதரிக்கும், கணவன்மாரின் சொல்லை மீறி வந்து ராத்தாவின் மையித்தைக் குளிப்பாட்டிய திங்கட்கிழமைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வந்திருந்து துஆச் செய்த அனைவருக்கும் அல்லாஹ் அருள் புரியட்டும்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மகளிடம் கொடுத்து, உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், போடலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் வைத்திருந்து வாசித்தாள். ஒரு வரியை வெட்டச் சொன்னாள். வெட்டினேன். அதற்குப் பிறகுதான் ஓம் என்றாள்.