கத்திப் பழக ஐந்தருவி

போன சீசனில் ஒரு சனிக்கிழமை நான் ஐந்தருவிக்குப் போனது குளிக்க அல்ல, கத்த. குளிக்கப் போகிறவர்களுக்கும் இதில் பயனுள்ள தகவல்கள் உண்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான். மூன்று வருடமும் ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் சொன்னது, "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா." அப்படிப்பட்ட எனக்குப் பிடித்துப்போனது ஒரு ஹெவி மெட்டல் இசைக்குழு. நான்கு பேர், எல்லோரும் ஆர்மேனிய வம்சாவளி. நூறு வருடங்களுக்கு முன்பு துருக்கியில் ஆர்மேனியர்களைக் கொன்றும் துரத்தியும் விட்டபோது தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள். வெவ்வேறு நாடுகளில் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒன்றுசேர்ந்தவர்கள். ஒரே பாட்டில் கோமாளித்தனம் செய்வார்கள், தேவாலயத்தில் பாடுவதுபோல் உருகுவார்கள், அடுத்த நொடி கழுத்து நரம்பு வெடிக்கக் கத்துவார்கள். தங்களுக்குள் ஒத்துவராமல் பல வருடங்கள் புதுப் பாட்டே போடாமல் இருந்தார்கள். பூர்வீக மண்ணில் மறுபடி போர் வந்தபோது, சண்டையை ஓரம் வைத்துவிட்டு இரண்டு பாட்டு பாடினார்கள்.

என் தோழி முத்துச்செல்வி மேலகரத்தில் டிரம்ஸ் வாசிப்பவள். அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் இந்தக் குழுவின் பாட்டுகளை வாசிக்க ஏற்பாடு செய்திருந்தாள். அதில் உருகலும் கத்தலும் சேர்ந்த ஒரு பாட்டைப் பாட வேண்டிய பையன், பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். எல்லாப் பாட்டும் வரி வரியாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். "சாயங்காலத்துக்குள்ள சொல்லிரு. இல்லன்னா அந்தப் பாட்டையே தூக்கிருவேன்" என்று அந்தச் சனிக்கிழமை காலையில் சொல்லிவிட்டாள். அது என் உயிரான பாட்டு.

வீட்டில் ஒரு வரி கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அத்தை விபூதித் தட்டோடு வந்துவிட்டார். எனக்கு வயிற்றுவலி என்று அம்மா சமாளித்தார். அதற்காக ஒரு டம்ளர் சுக்குக் கஷாயம் குடிக்க வேண்டியதாயிற்று. யோசித்துப் பார்த்ததில், எங்கள் பக்கத்தில் ஒரு பெண் எவ்வளவு கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் ஒன்றுதான் இருக்கிறது: சீசன் நேரத்து அருவி. தண்ணீர் தலையில் விழுந்ததும் அங்கே எல்லோருமே கத்துவார்கள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து ஐந்தருவிக்கு ஷேர் ஆட்டோ, எனக்கு முப்பது ரூபாய் ஆனது. ஆட்டோவில் என் ஹெட்போனிலிருந்து சத்தம் கசிந்திருக்கிறது.

"என்னம்மா இது, ஸ்டார்ட் ஆகாத வண்டிய உதைக்க மாதிரி இருக்கு?" என்றார் டிரைவர் அண்ணாச்சி. போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மெதுவான பகுதி வந்ததும், "இப்ப நல்லாத்தான பாடுதாரு. பொறவு எதுக்குக் கோவப்படுதாரு?" என்று கேட்டார்.

அவர்கள் தாத்தா பாட்டிமார் கதையை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் அவ்வளவு பேசியதே அதிகம்.

"அதச் சொல்லணும்லா. நான் ஆளுக்கு மேலுக்குச் சொகமில்லயோன்னு நெனச்சேன்" என்றார்.

அன்று ஐந்தருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பகுதியில் கூட்டம் நெரிந்தது. நைட்டி, சுடிதார், சேலை என்று எல்லாம் நனைந்து ஒரே நிறமாகியிருந்தது. கைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். முதல் கத்தல் இருமலாக வந்தது. இரண்டாவதில் வாய் நிறையத் தண்ணீர். அதன்பின் எப்படியோ வயிற்றிலிருந்து கிளம்பியது. முழுப் பாட்டையும் கத்தினேன், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். யாரும் இடிக்காமல் இவ்வளவு தாராளமாக இடம் கிடைக்கிறதே என்று நடுவில் ஆச்சரியப்பட்டது நினைவிருக்கிறது.

யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். பெண் போலீஸ், தொப்பி முதல் பூட்ஸ் வரை நனைந்திருந்தார். தண்ணீர் கூடியதால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்களாம். அருவியில் நான் ஒருத்திதான் மிச்சம். ஈரத் துணியோடு அத்தனை பெண்களும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, எம்புட்டு நேரமா விசில் ஊதுதேன். நீ போட்ட சத்தத்துல என் விசிலு எனக்கே கேக்கல."

வழக்கமான நானாக இருந்தால் அங்கேயே செத்திருப்பேன். அன்று, "என் சத்தம் நெசமாவே கேட்டுச்சா மேடம்?" என்று கேட்டேன்.

"ஆம்பளைய பக்கத்துல இருந்து ஆள் வந்து விசாரிச்சிட்டுப் போறாவ, யாரையும் வெள்ளம் இழுத்துட்டுதோன்னு."

மன்னிப்புக் கேட்டுவிட்டு, துணிகூட மாற்றாமல் முத்துச்செல்விக்கு போன் செய்தேன். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. நாலு தடவை 'என்னது' என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள். 'நான் பாடுகிறேன்' என்று எழுதி அனுப்பினேன். 'பேசவே சத்தம் வரல, பாடப் போறியாக்கும்' என்று பதில் வந்தது. ஆனாலும் பாட்டைத் தூக்கவில்லை.

போகிறவர்களுக்கு: வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். சோப்பு, ஷாம்பு அனுமதி இல்லை. மாற்றுத் துணி அவசியம். விசில் ஊதினால் உடனே வெளியே வந்துவிடுங்கள், அது உயிர் விஷயம். கத்திப் பழகுகிறவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தவும். தொண்டை தேற எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பாட்டு மெதுவாகத் தொடங்குவதே நல்லது என்று இப்போது புரிகிறது, பாடுகிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும்.

எட்டு நாள் கழித்து, ஞாயிறன்று மேலகரத்து மொட்டைமாடியில் பாடினேன். உருகும் பகுதி முடிந்து நான் வாயைத் திறந்ததும், முன்வரிசையில் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கடைசிவரை கையை எடுக்கவில்லை. எழுந்தும் போகவில்லை.