ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

ஓய்வு பெற்ற பிறகு என் கணவர் வீட்டில் சும்மா இருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். என்னையும் சும்மா இருக்க விடமாட்டார் என்பதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அவர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். போதகர் அல்ல. எங்கள் வில்லிவாக்கத்துச் சபையில் போதகர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்ய அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். அந்த ஞாயிறுகளில் எல்லார் வீட்டிலும் மதியச் சாப்பாடு தாமதமாகும்.

எங்கள் திருச்சபையின் மிஷன் சங்கம் மூத்த தம்பதிகளைத் தேடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கரையேறியிருக்க வேண்டும், பென்ஷன் வந்துகொண்டிருக்க வேண்டும், சம்பளம் என்று வாயைத் திறக்கக் கூடாது. ஓரகடம் பக்கம் ஒன்றரை வருடம் தங்கி, தெற்கு மாவட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளைச் சேர்த்து ஆராதனை நடத்த வேண்டும். முடிவில் சங்கத்தின் செயலாளர் நேரில் வந்து பார்ப்பார். சபை என்று சொல்லும்படி ஒன்று உருவாகியிருந்தால் நிரந்தரமாக ஒரு போதகரை அனுப்புவார்கள். இல்லாவிட்டால் மூடிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

“நான் போன பிறகும் நடக்கிற மாதிரி ஒரு காரியத்தையாவது விட்டுட்டுப் போகணும்” என்றார் என் கணவர். காலமெல்லாம் கோப்பு தள்ளிய மனுஷனுக்கு அந்த ஆசை வருவது நியாயம் என்று எனக்கும் பட்டது. ஆர்மோனியத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு கிளம்பினோம்.

வல்லம் வடகாலில் வீடு கிடைத்தது. கீழே எங்களுக்கு ஓர் அறையும் சமையலறையும், மாடியில் ஆராதனைக்கு ஒரு ஹால். பக்கத்திலேயே வரிசையாக வாடகை அறைகள். எல்லாம் ஒரே வீட்டுக்கார அம்மாவுடையவை. தொழிற்சாலைகளுக்கு நிலத்தைக் கொடுத்து வந்த பணத்தில் கட்டியது. அந்த அம்மா முதல் நாளே என் கணவருக்கு ஃபாதர் என்று பெயர் வைத்துவிட்டாள். நாங்கள் அந்த வகைச் சபை இல்லை, நான் ஃபாதரும் இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் தெருவில் என்னைக் காட்டி, “இவுங்கதான் ஃபாதரோட சம்சாரம்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுடைய ஃபாதர்கள் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். அந்தக் குடும்பங்கள் என்னிடம் சகஜமாகப் பேசக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஊழியம் என்றால் வீடு சந்திப்பு. அது எங்களுக்கு ஊறிப்போன விஷயம். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம், ஒரு பிஸ்கட் பொட்டலம். காலைச் சமையல் முடிந்து வீட்டுப் பெண்கள் உட்காரும் பத்தரை மணிவாக்கில் போய்க் கதவைத் தட்டுவோம். நாலு வார்த்தை விசாரிப்பு, ஒரு வசனம், ஒரு ஜெபம். சென்னையில் எத்தனையோ வருடம் அப்படித்தான் செய்தோம். இங்கேயும் பத்தரை மணிக்கு இறங்கினோம்.

முதல் கதவைத் தட்டினோம், தட்டிக்கொண்டே இருந்தோம். கடைசியில் லுங்கி கட்டிய ஒரு பையன் திறந்தான். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. எங்கள் வெள்ளை உடுப்பையும் வேதாகமத்தையும் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது.

“ஊர்ல யாருக்கும் என்னமும் ஆயிருச்சா?” என்றான்.

“ஒண்ணும் இல்ல தம்பி. ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போகலாம்னு வந்தோம்.”

அவன் நிலையில் சாய்ந்து கண்ணை மூடினான். என் கணவர் அவனுக்காக, அவன் வேலைக்காக, அவன் தாய் தகப்பனுக்காக, தொழிற்சாலை முதலாளிகளுக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக என்று ஒருவரையும் விடாமல் ஜெபித்தார். ஆமென் சொன்னபோது பையனிடமிருந்து சத்தமில்லை. நின்றவாக்கில் தூங்கிவிட்டிருந்தான். நாங்கள் அடுத்த கதவுக்குப் போனோம். அப்போதும் எங்களுக்கு விளங்கவில்லை, பாருங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா வந்தாள். “இன்னா ஃபாதர், பசங்க நைட் ஷிப்ட் முடிச்சிகினு அப்பத்தான் வந்து படுத்துதுங்கோ. கதவ தட்டி எயுப்பிகினு கீறீங்களே. அதுங்க சாமி கும்புடுமா, தூங்குமா?”

என் கணவர் வீடு சந்திப்பை மாலைக்கு மாற்றினார். அதிலும் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். தெருமுனையில் கம்பெனி பஸ் வரும் இடத்தில் நின்றபடியே ஜெபம் செய்யப் பழகினார். டிரைவர் ஹாரன் அடித்தால் ஆமென். அவர் வாழ்க்கையிலேயே செய்த சின்ன ஜெபங்கள் அவைதான்.

பெண்பிள்ளைகள் தங்கியிருந்த வீட்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். அங்கே நான் தனியாகப் போனேன். ஒரு பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். தூத்துக்குடிப் பக்கம். சுங்குவார்சத்திரத்துக்கு அருகே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை, நெடுநாளாக நைட் ஷிஃப்ட். ஞாயிறு ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அப்படிக் கேட்பதும் எங்களுக்கு ஊறிப்போனதுதான்.

“சனிக்கிழம நைட் முடிச்சு ஞாயித்துக்கிழம காலையிலதான் வாரோம்மா. அன்னைக்கிப் படுக்கவே எடம் கெடையாது.”

“மத்த நாள்ல?”

“மத்த நாள்ல பகல் ஷிஃப்ட்காரி எந்திச்சுப் போயிருவா. அவ கட்டில்ல நான் உறங்குவேன். ஞாயித்துக்கிழம எல்லாத்துக்கும் லீவுல்லா? அவ எந்திக்க மாட்டா. அவள எப்படிம்மா எழுப்ப? நான் மொட்டமாடிக்குப் போயிருவேன். வெயில் ஏறிட்டுன்னா எந்திச்சு துணி தொவைப்பேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. “எங்க ஹாலுக்கு வா. ஃபேன் இருக்கு. பின்னாடி படுத்துத் தூங்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கணவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் விவாதம் வரும்.

அடுத்த ஞாயிறு அவள் வேறு சில பெண்களையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து நேராக வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியபடியே பின்னால் உட்கார்ந்தார்கள். முதல் கீர்த்தனை முடிவதற்குள் எல்லாரும் தரையில் கிடந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிரசங்கத்தின் நடுவில் ஒரு குறட்டை எழுந்தது. என் கணவர் மேஜையைத் தட்டி, குரலை உயர்த்திப் பேசினார். குறட்டையும் கொஞ்சம் உயர்ந்தது.

சாப்பிடும்போது வெடித்தார். “வாரம் பூரா உட்கார்ந்து தயார் பண்றேன். வந்து குறட்டை விடுறதுக்கு இது என்ன, பஸ் ஸ்டாண்டா?”

“வில்லிவாக்கத்துல மட்டும் உங்க பிரசங்கத்துக்கு யார் முழிச்சுக்கிட்டு இருந்தாங்க? அவங்க உட்கார்ந்துக்கிட்டுத் தூங்கினாங்க. இதுங்க படுத்துத் தூங்குதுங்க.”

 பெண்களின் கட்டில் விவகாரத்தை அன்று மாலை டீ குடிக்கும்போதுதான் எடுத்துச் சொன்னேன்.  அந்த வாரமே ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்ப் பாய்கள் வாங்கி வந்தார். அடுத்த ஞாயிறு மேஜையைத் தட்டவில்லை. குரல் தணிந்திருந்தது. கேட்டதற்கு, தொண்டை சரியில்லை என்றார். அந்தத் தொண்டை பிறகு சரியாகவே இல்லை. ஓங்கிப் பாடும் கீர்த்தனைகளை விட்டுவிட்டு, தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடுகிறவையாகத் தேர்ந்தெடுத்தார். ஆர்மோனியத்தின் மேல் அந்தப் பழைய வேட்டியை மடித்துப் போட்டு வாசித்தார். ஞாயிறு காலைகளில் வீட்டுக்கார அம்மா மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து, விளையாட வரும் பிள்ளைகளை விரட்டுவாள். “கத்தாதீங்கடா, கோயில்ல தூங்கினு கீறாங்கோ.”

பெண்கள் மதியம் எழுந்து முகம் கழுவி, நான் செய்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பாய்களைத் துணி உலர்த்தும் கம்பியில் போட்டு வெயில் காட்டி எடுத்து வைப்பது என் வேலை. இதுதான் எங்கள் ஊழியம். இதைத் தவிர அந்த ஒன்றரை வருடத்தில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

தவணை முடிகிற சமயத்தில் செயலாளர் வரப்போவதாகப் போன் வந்தது. என் கணவருக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பெண்களிடம் பேசினார். ஒரே ஒரு ஞாயிறு, அன்று மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும், இடம் நிலைத்துவிட்டால் உங்களுக்குத்தான் நல்லது என்றார். தூத்துக்குடிப் பெண், “ஒரு நாளுதான ஐயா, உக்காந்துகிடுதோம்” என்றாள். சனிக்கிழமை மாலை பாய்களை எல்லாம் கீழே கொண்டுவந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஹால் அத்தனை நிறைந்து நான் பார்த்ததில்லை. அறைகளிலிருந்து பையன்களும் வந்திருந்தார்கள். செயலாளருக்கு முன்வரிசையில் நாற்காலி. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். பெண்கள் எழுந்து நின்று பாடினார்கள். என் கணவர் தன் பழைய குரலில், மேஜையைத் தட்டி, பிரசங்கத்தைத் தொடங்கினார். நல்ல பிரசங்கம். வாரக்கணக்காகத் தீட்டி வைத்திருந்தது.

நான் பக்கவாட்டில் நின்றதால் பின்வரிசை எனக்குத் தெரிந்தது. ஒருத்தி கையை ஒருத்தி கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கொண்டை ஊசியை எடுத்து உள்ளங்கையில் குத்திக்கொண்டாள். தூத்துக்குடிப் பெண்ணின் தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்தது. ஒரு முறை நிமிரவில்லை. அப்படியே சரிந்து சுவரில் டங்கென்று மோதியது. செயலாளர் திரும்பினார். அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, அவரைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

என் கணவர் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “பாய் எங்கே?” என்றார்.

நான் கீழே போய் எடுத்து வந்தேன். அவர் மேஜையை விட்டு விலகிப் பின்னால் போய், தன் கையால் விரித்தார்.

“படுத்துக்கோங்கம்மா. நான் மெதுவாப் பேசறேன்.”

அவர்கள் செயலாளரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். ஒவ்வொருத்தியாகப் படுத்தார்கள். மிச்சப் பிரசங்கத்தை முணுமுணுப்பாக முடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய பிரசங்கங்களைக் கேட்டுவருகிறேன். எனக்குக் கண் கலங்கியது அன்றைக்குத்தான். என்ன பேசினார் என்று கேட்டால் தெரியாது. இந்த மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

செயலாளர் கெட்டவர் அல்ல. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல்தான் படியிறங்கினார். காபி குடித்தபடி, “நல்ல காரியம்தான் ஐயா, இல்லேன்னு சொல்லல. ஆனா இதைச் சபைன்னு நான் எப்படிச் சொல்றது? தங்குற விடுதி மாதிரி இல்ல இருக்கு?” என்றார்.

“பார்த்ததைச் சொல்லுங்க ஐயா” என்றார் என் கணவர்.

செயலாளரும் பார்த்ததைச் சொல்லியிருப்பார். ஹாலை மூடும்படி முடிவு வந்தது. கடைசி ஞாயிறு பெண்களுக்குப் பாய்களைக் கொடுத்துவிட்டோம். ஆர்மோனியத்தை அதே வேட்டியில் சுற்றிக்கொண்டு வில்லிவாக்கம் வந்து சேர்ந்தோம்.  சபையில் என் கணவரைப் பிரசங்கம் செய்யக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் தூத்துக்குடிப் பெண் என்னைப் போனில் அழைத்தாள். வீட்டுக்கார அம்மா ஹாலை ஆள் தங்கவைக்கும் காண்டிராக்டர் ஒருவருக்கு விட்டுவிட்டாளாம். உள்ளே நெருக்கமாகக் கட்டில்கள் போட்டிருக்கிறார்களாம். “நானும் அங்கதாம்மா மாறிட்டேன். ஐயா நின்னு பேசுவாவல்லா, அந்த எடத்துலதான் கட்டில்.”

“அப்போ ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழம பகல் ஷிஃப்ட்காரி படுத்திருப்பா. நான் மாடிப்படியில சாஞ்சுகிடுவேன். எல்லாம் பாட்டப் போட்டுகிட்டு ஒரே சத்தம். உறக்கம்தான் வர மாட்டேங்கு.” கொஞ்சம் தயங்கினாள். “அம்மா, தப்பா நெனச்சுக்கிடாதிய. ஐயா பேசுனா உறக்கம் வரும். போன்ல பேசி அனுப்பச் சொல்லுதியளா? காதுல மாட்டிக்கிடுவேன்.”

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிரசங்கத்தில் தூங்கினார்கள் என்று மேஜையைத் தட்டியவர். கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து அலமாரியில் எதையோ தேடினார். கண்ணாடியைத்தான்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, சத்தம் வரக் கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு, போனை வாயருகே வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்கப் பேசுகிறார். அனுப்புவதற்கு முன் என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லிப் போட்டுக் காட்டுவார். எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று நான் சொல்ல வேண்டும். கடைசிவரை முழித்திருந்தேன் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து பேசுகிறார்.