பெரும்பாக்கத்தில் தங்கிய புள்ளி

எழுபத்தொரு வயதில் எனக்கு ஒரு புள்ளி கிடைத்தது. நீல நிறம். என் மகன் என் போனில் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நீ எங்க போனாலும் இந்தப் புள்ளி என் போன்ல தெரியும்மா" என்றான்.

தி. நகர் பஸ் ஸ்டாண்டில் கால் தடுக்கி விழுந்ததற்கு வந்த பரிசு அது. முட்டி கொஞ்சம் சிராய்த்தது, அவ்வளவுதான். யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். யாரோ என் போனை எடுத்து மகனுக்கு அடித்துவிட்டார்கள். வந்தது வினை.

"இனிமே பஸ் கிடையாது. கோயில், கடை, வீடு, அவ்வளவுதான். மீறிச் சுத்தினேன்னு தெரிஞ்சா இந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு உன்னைக் கே.கே. நகருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

சொன்னதைச் செய்கிறவன். கே.கே. நகரில் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. "பால்கனியில சேர் போட்டு ஜம்முனு உட்காரலாம் அத்தை" என்பாள் மருமகள். பாவம், நல்ல மனசோடுதான் சொல்வாள். எனக்கோ சேர் என்ற சொல்லைக் கேட்டாலே கால் குறுகுறுக்கும்.

புதன்கிழமை என்றால் நான் சிந்தாதிரிப்பேட்டைக்கு மீன் வாங்கப் போகிறவள். மயிலாப்பூரில் மீன் கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனால் அந்தப் பேச்சு கிடைக்காது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பிங்க் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "ஆயா, ஊட்ல குந்திகினு இருந்தா ஆவாதா?" என்பார். "குந்தினா துருப்பிடிச்சிடும்பா" என்பேன். பஸ்ஸே சிரிக்கும். மார்க்கெட்டில் மீன்காரி, "ஏ கெய்வி, செவுளைத் தூக்கித் தூக்கிப் பாத்தா மீனுக்கு வெக்கமா இருக்காதா?" என்று கத்துவாள். இதையெல்லாம் எந்த பால்கனியில் கேட்பது?

அதனால் ஒரு வழி செய்தேன். கோயில் குளத்து ஓரம் பூ விற்கிறவள் எனக்குப் பழக்கம். கால்வாய் ஓரம் இருந்த அவள் வீட்டை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் குடியேற்றினார்கள். அங்கிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறி இங்கேயே வந்து கூடையை இறக்குவாள். புதன்கிழமைகளில் போனை அவள் கூடையில், ஈரத்துணிக்குத் தள்ளி, ஒரு கவரில் சுற்றி வைத்துவிட்டுப் போவேன். புள்ளி சாமி கும்பிடும். நான் மீன் வாங்குவேன்.

"உனுக்கு இன்னாமா, எங்க கீறன்னு பாக்கறதுக்கு ஆளு கீது. என்னியெல்லாம் எவன் பாக்கறான்?" என்பாள். நான் அலுத்துக்கொள்வேன். உள்ளுக்குள் அந்தப் பேச்சு கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. பொய் சொல்வானேன்.

ஒரு புதன்கிழமை பிரதோஷம். நாளைக் கவனிக்காமல் கூடையும் கையுமாகக் கிளம்பிவிட்டேன். திரும்பும்போது வரிசையாக வேறு பஸ்களாக வந்தன. பிங்க்குதான் வேண்டும் என்று நின்றேன். வந்து சேர நாலு மணி. குளத்து ஓரம் பார்த்தால் பிரதோஷக் கூட்டம்; அவள் இடத்தில் வேறு யாரோ பூக்காரி.

"அந்த அக்காவா? பிரதோஷம்னா திருவான்மியூர் கோயிலாண்ட போய்டும். அப்டியே ஊட்டுக்குப் போய்டும்."

மயிலாப்பூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும் பிரதோஷக் கணக்கு. அவளும் எனக்குத் தெரியும் என்றுதான் சொல்லாமல் விட்டிருப்பாள். அவள் நம்பர் போனுக்குள். போன் அவள் கூடைக்குள். என் புள்ளி திருவான்மியூர் போய், அங்கிருந்து பெரும்பாக்கம் போய், யாரோ வீட்டில் ராத்தங்கப் போகிறது!

தொலைந்தது என் வீடு என்று நினைத்தேன். மகன் போன் செய்வான், பூக்காரி எடுப்பாள், அடுத்த அரை மணியில் கார் வாசலில் நிற்கும். சொல்ல வேண்டிய பதிலை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வாங்கிவந்த சங்கரா மீனைக் கழுவினேன். கோபத்தோடு வருகிறவன் பசியோடும் வருவான் என்று அரிசி கூட ஒரு டம்ளர் போட்டேன். குழம்பு கொதித்து, அடங்கி, ஆறியது. வாசல் விளக்கை அணைக்கவில்லை.

யாரும் வரவில்லை.

மறுநாள் காலையில் குளத்து ஓரம் பூக்காரி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. போனை நீட்டினாள்.

"ஒருத்தரும் அடிக்கலமா. அடிச்சா இன்னா சொல்றதுன்னு நான்தான் தூங்காம அத்த தலமாட்டுல வெச்சிகினு கெடந்தேன். நீ ஊடு போய் சேந்தியா இல்லியான்னு வேற வவுத்துல நெருப்பு."

வாங்கிப் பார்த்தேன். தவறிய அழைப்பு ஒன்றும் இல்லை. காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படம் ஒன்று மகன் அனுப்பியிருந்தான். வழக்கம்போல.

மிஞ்சிய குழம்பைத் தூக்குவாளியில் கொண்டுபோயிருந்தேன். அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆளு கீது என்ற பேச்சை மட்டும் அவள் அன்றைக்கு எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. அவள் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் சாப்பிட வந்தான். "இந்த வாரம் கோயில், கடைன்னு ஒழுங்கா இருந்திருக்கியே. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றான், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. அவன் தட்டில் ரசம் ஊற்றினேன்.

புதன்கிழமை ராத்திரி புள்ளி எங்கே இருந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் புதன்கிழமை போய்விடும், வீடு போய்விடும். வாயை மூடிக்கொண்டு இரண்டையும் காப்பாற்றிக்கொண்டேன்.

இப்போது போனை யார் கூடையிலும் வைப்பதில்லை. என் பையிலேயே கிடக்கிறது. புள்ளியும் நானும் சேர்ந்தே சிந்தாதிரிப்பேட்டை போகிறோம், சேர்ந்தே திரும்புகிறோம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மட்டும் முன்பைவிடக் கம்பியை இறுக்கிப் பிடித்து இறங்குகிறேன்.